சிவப்பு என்றால் ஆப்பிள் மட்டும்தானா?

சுங்கை சிப்புட்டை அடுத்து ஒரு பழைய ரப்பர் தோட்டம். இப்போது அங்கே ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை; பார்க்கும் இடமெல்லாம் செம்பனைதான். லயன் வீடுகள் இருந்த இடத்தில் சிறிய தரைவீடுகள் நிற்கின்றன. பல்கலைக்கழக விடுமுறையில் நானும் தோழிகள் இருவரும் சனிக்கிழமை காலைகளில் அங்குள்ள பொது மண்டபத்தில் சிறுவர்களுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டி வந்தோம்.

ஒரு நாள் ஐந்து வயதுப் பையன் ஒருவனிடம் படப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். பக்கம் முழுக்க ஓர் ஆப்பிள்.

"தம்பி, இது என்ன நிறம்?"

"ஆப்பிள்."

"ஆப்பிள் சரி. என்ன நிறம்?"

விழித்தான். "என்ன கலர்?" என்று மாற்றிக் கேட்டேன். உடனே "ரெட்" என்றான். தமிழில் என்ன என்று கேட்டதும் தோழியின் முகத்தைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான், பிறகு மெல்ல, "ஆப்பிள் கலர்" என்றான்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவனுடைய பாட்டி சிரித்துவிட்டார். பல ஆண்டுகள் பால் வெட்டியவர். "ஏம்மா, வாசல்லயே செம்பருத்தி பூத்து நிக்குது. அதக் காட்டிக் கேட்டா சொல்லிடுவானே" என்றார்.

அன்று எனக்குச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. பையனைச் சோதிக்கப் போய், நான் கொண்டுபோன புத்தகம்தான் சோதனையில் தோற்றது என்று பிறகு புரிந்தது. நாடு முழுவதும் பாலர் கல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் அந்தச் சிறிய சம்பவத்திலிருந்தே தொடங்கலாம் என்று தோன்றுகிறது.

ஏழு வயதிலிருந்து ஐந்து வயதுக்கு

2025 ஜூலை 31ஆம் நாள் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராகிம் நாடாளுமன்றத்தில் 13ஆவது மலேசியத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். 2026 முதல் 2030 வரைக்குமான அந்தத் திட்டத்தின் முக்கிய அறிவிப்புகளில் ஒன்று, கட்டாயக் கல்வியை ஐந்து வயதுப் பாலர் பள்ளியிலிருந்தே தொடங்குவது. பாலர் பள்ளிகளுக்கு 2026இல் புதிய பாடத்திட்டம்; தொடர்ந்து 2027இல் முதலாம் ஆண்டுக்கும் முதலாம் படிவத்துக்கும் புதிய பாடத்திட்டம் என்பது கல்வியமைச்சின் ஏற்பாடு.

இதை நம் சமூகத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் அங்கே ஒரு பள்ளிக்கூடம் அமைக்க வேண்டும் என்றது. பேராக்கில் உள்ள பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்றும் ஒரு தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தக் காலமே காரணம். ஆனால் ஏழு வயதுக்கு முன்? சட்டம் அதைப் பற்றிப் பேசவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுச் சென்றார்கள். அங்கே தொட்டில் இருந்தது, ஆயாவின் தாலாட்டு இருந்தது. புத்தகத்தை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை.

இன்று அரசாங்கம் ஐந்து வயதுப் பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பேற்க முன்வந்திருக்கிறது. நம் தரப்பில் நடக்கும் விவாதம் பெரும்பாலும் மூன்று விஷயங்களைச் சுற்றியே வருகிறது: வகுப்பறை போதுமா, ஆசிரியர் கிடைப்பாரா, கட்டணத்துக்கு உதவி உண்டா. மூன்றும் தேவையான கேள்விகள்தான். எல்லாத் தமிழ்ப்பள்ளியிலும் பாலர் வகுப்பு இல்லை. ஏழைக் குடும்பங்களின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு மித்ரா உதவி வழங்கியிருப்பதும் நமக்குத் தெரியும். நான்காவதாக ஒரு கேள்வியும் இருக்கிறது. வகுப்பறையும் ஆசிரியரும் அமைந்த பிறகு, அந்தப் பிள்ளையின் கையில் எந்தப் புத்தகத்தைக் கொடுக்கப் போகிறோம்?

150க்கும் குறைவான மாணவர்கள் பயிலும் பள்ளிகளைக் கல்வியமைச்சு, குறைந்த மாணவர்களைக் கொண்ட பள்ளிகள் என்று வகைப்படுத்துகிறது. நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை அந்த வகையில் சேர்ந்தவை. பழைய தோட்டப் பகுதிகளில் இத்தகைய பள்ளிகள் அதிகம். அங்கே முதலாம் ஆண்டில் நான்கு பிள்ளைகள் சேர்வதும் ஆறு பிள்ளைகள் சேர்வதும் ஒன்றல்ல. எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற முடிவைப் பெற்றோர் இனிமேல் பிள்ளையின் ஐந்து வயதிலேயே எடுக்கத் தொடங்குவார்கள். "என் பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை, கலர்கூடச் சொல்லத் தெரியவில்லை" என்று ஒரு தாய் அந்த வயதில் நினைத்துவிட்டால், அந்த எண்ணம் பிள்ளை எந்த வாசலில் நுழைகிறது என்பதையே மாற்றிவிடக்கூடும்.

டார்வினுக்கே வந்த சந்தேகம்

நிறம்தான் எளிய பாடம் என்று நாம் நினைக்கிறோம். பாலர் வகுப்பின் முதல் வாரத்திலேயே சிவப்பு, மஞ்சள், பச்சை வந்துவிடும். உண்மையில் நிறப்பெயர் குழந்தைகளுக்குக் கடினமான பாடம்.

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்ல்ஸ் டார்வின், தம் பிள்ளைகள் பேசப் பழகியதைக் குறிப்பெடுத்து வைத்திருந்தவர். எத்தனையோ பொருள்களின் பெயரைச் சரியாகச் சொன்ன பிள்ளைகள் நிறத்தின் பெயரை மட்டும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவர்களுக்கு நிறக்குருடு இருக்குமோ என்றுகூட அவர் ஐயுற்றார். 1877இல் இதைப் பற்றி எழுதவும் செய்தார். பின்னாளில் பிள்ளைகள் நிறப்பெயர்களைச் சரியாகவே சொன்னார்கள்.

பிள்ளைகளின் கண்ணில் பிழை இல்லை. நான்கு மாதக் குழந்தைகளே நிறங்களை வகைபிரித்துப் பார்க்கின்றன என்று 1970களின் ஆய்வுகள் காட்டின. சிக்கல் சொல்லில் இருக்கிறது. "பந்து" என்றால் கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருள். "சிவப்பு" என்றால்? அதைத் தனியாக எடுத்துக் கையில் கொடுக்க முடியாது. அது பந்திலும் இருக்கும், மிளகாயிலும் இருக்கும், அம்மாவின் சேலையிலும் இருக்கும். ஆப்பிளைக் காட்டிச் "சிவப்பு" என்று சொன்னால், அந்தச் சொல் அதன் வடிவத்தைக் குறிக்கிறதா, சுவையைக் குறிக்கிறதா, அந்தப் பழத்தையே குறிக்கிறதா என்று குழந்தை ஊகிக்க வேண்டும். அந்தப் பையன் "ஆப்பிள் கலர்" என்று சொன்னது அறியாமையால் அல்ல. அவனிடம் இருந்த ஒரே சான்றை வைத்து அவன் எடுத்த முடிவு அது.

2010இல் மைக்கல் ராம்ஸ்கார் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆங்கிலம் பேசும், இரண்டு வயதை ஒட்டிய குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குச் "சிவப்புப் பந்து" என்ற வரிசையிலும், மற்றொரு பிரிவினருக்குப் "பந்து சிவப்பாக இருக்கிறது" என்ற வரிசையிலும் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டாவது பிரிவினரே நன்றாகக் கற்றார்கள். பொருளின் பெயரை முதலில் கேட்டதும் குழந்தையின் கவனம் அந்தப் பொருளில் நிலைக்கிறது. பிறகு வரும் சொல் அதன் தன்மையைப் பற்றியது என்று புரிந்துகொள்ள எளிதாகிறது.

இது நமக்குச் சாதகமான செய்தி என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் நிறம் பெரும்பாலும் பொருளுக்கு முன்னால் வரும். மலாயில் "போலா மேரா" என்று பொருள்தான் முதலில் வரும். தமிழில் இரண்டுக்கும் இடமுண்டு. வீட்டில் நாம் இயல்பாகப் பேசுவது "பந்து சிவப்பா இருக்கு" என்றுதான். ஆனால் புத்தகத்தில் அச்சாகும்போது அது "சிவப்புப் பந்து", "பச்சை இலை" என்று ஆங்கில வரிசைக்குப் போய்விடுகிறது. ஆங்கிலப் புத்தகத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு இது. வீட்டுப் பேச்சின் வரிசையை அப்படியே புத்தகத்தில் எழுதினால் அது பிழையாகாது. குழந்தைக்கு உதவியாகவே இருக்கும்.

செவ்வாயும் வெள்ளியும்

இப்போது ஒருவர் கேட்கலாம்: "ரெட் என்று தெரிந்தால் போதாதா? சிவப்பு என்று தெரிந்தே ஆகவேண்டுமா?"

நியாயமான கேள்வி. "ரெட்" என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு நிறம் தெரியும் என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவில் வளரும் பிள்ளைக்கு ஒரு சொல் ஒரு மொழியில் முதலில் வருவது இயற்கை. ஈப்போவில் வளர்ந்த நானும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, இப்போது ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறேன். இன்றும் "பழுப்பு" என்ற சொல்லுக்கு முன் "சொக்லாட்" என்ற மலாய்ச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வரும். ஆகவே "ரெட்" என்ற விடைக்குத் தவறு போடுவது சரியல்ல. "ஆமாம், ரெட்தான். தமிழில் சிவப்பு" என்று அடுத்த சொல்லைக் கையில் கொடுப்பதே ஆசிரியரின் வேலை.

ஆனால் அந்த அடுத்த சொல்லைக் கொடுக்காமலே விட்டுவிட்டால் இழப்பு ஒரு சொல்லோடு நிற்காது. காரணம், தமிழில் பழைய நிறச்சொற்கள் தனித்து நிற்பதில்லை. அவை குடும்பமாக வாழ்கின்றன.

செம்மை என்ற வேரைப் பாருங்கள். செங்கல், செம்மண், செம்பு, செவ்விளநீர் எல்லாம் அதிலிருந்து வருகின்றன. நம் நாட்டின் தேசிய மலராக 1960இல் அறிவிக்கப்பட்ட பூங்கா ராயாவுக்கு நாம் சொல்லும் பெயர் செம்பருத்தி. ஆயில் பாம் மரத்துக்கு மலேசியத் தமிழர் வழங்கும் பெயர் செம்பனை. தேசிய மலரிலும் தோட்டத்து மரத்திலும் நிறம் பெயராகவே நிற்கிறது. வெண்மையைப் பாருங்கள். வெண்ணெய், வெண்ணிலா, வெண்பொங்கல், வெள்ளி. வாரத்தின் ஏழு நாளில் செவ்வாயும் வெள்ளியும் வானத்தில் தெரியும் கோள்களின் நிறத்தால் பெயர் பெற்றவை. கருமையிலிருந்து கருமேகம், கருங்கல், கரும்பலகை. பச்சை என்பது நிறத்தோடு நிற்காமல் பச்சரிசி, பச்சைத் தண்ணீர், பச்சைக் குழந்தை என்று சமைக்காதது, காய்ச்சாதது, இப்போதுதான் பிறந்தது என்பவற்றையெல்லாம் சொல்கிறது. பழுப்பு என்பது பழுத்த இலையின் நிறம்.

சிவப்பு என்ற சொல்லைத் தெரிந்த பிள்ளைக்குச் செங்கல்லும் செம்மண்ணும் பாதி புரிந்த சொற்கள். "ரெட்" மட்டும் தெரிந்த பிள்ளைக்கு அவை ஒவ்வொன்றும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்கள். நான்காம் ஐந்தாம் ஆண்டில் பாடநூலைப் பார்த்து மலைக்கும் மாணவர்களில் சிலருக்கு அந்தத் தடுமாற்றம் பாலர் வகுப்பிலேயே தொடங்கியிருக்கலாம்.

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வுக்குத் தமிழ் எடுத்த நண்பர்களுக்கு இன்னொன்றும் சொல்லலாம். தொல்காப்பியத்தின் உரியியல், கறுப்பு, சிவப்பு என்ற சொற்கள் சினத்தையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் என்கிறது. கோபத்தில் முகம் சிவந்தது என்று நாம் இன்றும் சொல்கிறோம். நிறச்சொல் உணர்ச்சிக்குள் போவது அவ்வளவு பழைய வழக்கம்.

எல்லா நிறத்துக்கும் இப்படிப் பெரிய குடும்பம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரென்ட் பெர்லின், போல் கே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1969இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகளில் கறுப்பு, வெள்ளை, சிவப்பு முதலில் பெயர் பெறுகின்றன, பச்சையும் மஞ்சளும் நீலமும் அடுத்து வருகின்றன, பழுப்பும் ஊதாவும் இளஞ்சிவப்பும் ஆரஞ்சும் சாம்பலும் கடைசியில் வருகின்றன என்றார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அதில் திருத்தங்கள் சொன்னாலும், நம் அனுபவத்துக்கு அது ஓரளவு பொருந்துகிறது. கடைசி வரிசையில்தான் நம் வகுப்பறைகளிலும் குழப்பம் அதிகம். ஒருவர் செம்மஞ்சள் என்பார், ஒருவர் ஆரஞ்சு என்பார். பிங்க் நிறம் ஒரு வீட்டில் ரோஸ், பாடநூலில் இளஞ்சிவப்பு. சிலர் நீலத்தையே ஊதா என்கிறார்கள்.

இந்த இடத்தில் தூய சொல்லுக்காகச் சண்டை போட வேண்டியதில்லை. ஆரஞ்சு ஆங்கிலச் சொல்தானே என்று ஒதுக்குவோரும் உண்டு. அந்தச் சொல் அரபு, பாரசீகம், சமஸ்கிருதம் வழியாகப் பயணம் செய்தது. அதன் மூலம் நம் நாரத்தையோடு தொடர்புடைய ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள். ஒரு பள்ளியில் எல்லா ஆசிரியரும் ஒரே சொல்லைப் பயன்படுத்தினாலே குழந்தையின் குழப்பம் பாதி குறையும்.

"தோல் கலர்" பென்சில்

நிறப் பாடத்தில் யாரும் திட்டமிடாமல் நடக்கும் ஒரு பாடமும் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை வகுப்பில் எல்லாரும் தங்களை வரைந்தார்கள். ஒரு சிறுமி என்னிடம் வந்து, "அக்கா, தோல் கலர் பென்சில் குடுங்க" என்றாள். அவள் கேட்டது வெளிறிய இளஞ்சிவப்பு. அவளுடைய தோலின் நிறம் நல்ல பழுப்பு. பெட்டியில் பழுப்புப் பென்சில் இருந்தது. அது மரத்துக்கு என்று அவள் சொன்னாள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் "தோல்" என்று பொருள்படும் பெயரில் விற்ற வெளிறிய மெழுகுக் கோலின் பெயரை 1962இல் "பீச்" என்று மாற்றியது. உலக மக்களின் தோல் நிறங்கள் 24ஐக் கொண்ட பெட்டியை அது 2020இல் வெளியிட்டது. ஒரு பெயரை மாற்றியதிலிருந்து ஒரு பெட்டி வருவதற்கு 58 ஆண்டுகள் ஆயின.

நம் வீடுகளிலும் நாம் கவனிக்க வேண்டியது உண்டு. "கறுப்பி", "கறுப்பா" என்ற கேலி பிள்ளையின் காதில் விழும் வயதும், கறுப்பு என்ற நிறத்தைப் புத்தகத்தில் படிக்கும் வயதும் ஒன்றுதான். அந்தப் புத்தகத்தில் கறுப்புக்கு இருட்டும் பேயும், வெள்ளைக்குப் பாலும் தேவதையும் என்று படம் போட்டிருந்தால், ஐந்து வயதுப் பிள்ளை இரண்டையும் சேர்த்துப் பொருள் கொள்ளும். கறுப்புக்குப் பாட்டியின் கூந்தலையும், மழை கொண்டு வரும் மேகத்தையும், தன் கண்ணின் கருவிழியையும் காட்டும் ஒரு பக்கம் அந்தச் சிறுமிக்குக் கிடைத்திருந்தால் அவள் வேறு பென்சிலை எடுத்திருக்கலாம்.

நம் புத்தகம் ஏன் இல்லை?

இல்லாததற்கு அக்கறையின்மை மட்டும் காரணமல்ல. கணக்கும் ஒரு காரணம். சிறு குழந்தைகளுக்கான படப் புத்தகம் தடித்த அட்டையில், முனை மழுங்க வெட்டி, முழு வண்ணத்தில் அச்சாக வேண்டும். அச்சுக்கூடத்தில் ஆயத்தச் செலவு நூறு பிரதிக்கும் பத்தாயிரம் பிரதிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எனவே வாங்குவோர் குறைந்த மொழியில் ஒரு பிரதியின் விலை ஏறுகிறது. விலை ஏறினால் வாங்குவோர் இன்னும் குறைவர். பத்து வெள்ளிக்கும் குறைவாகக் கிடைக்கும் ஆங்கிலப் புத்தகத்தையும் கைப்பேசியில் இலவசமாக ஓடும் வலையொளிப் பாட்டையும் எதிர்த்து அது நிற்க வேண்டும்.

மற்ற இடங்களில் இந்த வளையத்தை உடைக்க முயன்றிருக்கிறார்கள். சென்னையில் 1996இல் தொடங்கிய துலிகா பதிப்பகம் ஒரே ஓவியத்தை வைத்துத் தமிழ் உட்படப் பல மொழிகளில் படப் புத்தகம் வெளியிடுகிறது. ஓவியத்துக்கான செலவு பல மொழிகளுக்குப் பகிர்ந்துவிடுகிறது. பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு. திறந்த உரிமத்தில் வருவதால், உருவாக்கியவர் பெயரைக் குறிப்பிட்டு யாரும் அச்சிடலாம், மாற்றலாம். சிங்கப்பூரில் 2011இல் தொடங்கிய லீ குவான் இயூ இருமொழி நிதி, பாலர் பருவத்திலேயே தாய்மொழியைக் கற்பிக்கும் முயற்சிகளுக்குப் பணம் தருகிறது. புதிய பாலர் பாடத்திட்டத்துக்கு நம் நாட்டில் ஒதுக்கப்படும் நிதியில் தாய்மொழிப் படப் புத்தகத்துக்கென்று ஒரு பங்கு வேண்டும் என்று நம் கல்வி இயக்கங்கள் கேட்க வேண்டிய நேரம் இது. பாடத்திட்டம் வேரூன்றிய பிறகு கேட்டால் அடுத்த சீரமைப்பு வரை காத்திருக்க நேரும்.

ஆனால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வாங்கி வைத்தால் மட்டும் நம் தேவை தீராது. அங்கே வரும் மாமரமும் அடுக்குமாடியும் அந்தப் பிள்ளைகளின் உலகம். நம் பிள்ளைக்கு வேறு உலகம் இருக்கிறது.

பேராக்கின் வண்ணங்கள்

அந்த உலகத்தில் நிறத்துக்குப் பஞ்சமில்லை. பேராக் என்ற மலாய்ச் சொல்லுக்கே வெள்ளி என்று பொருள். ரிங்கிட்டையும் நாம் வெள்ளி என்கிறோம். மாநிலக் கொடியில் வெள்ளை, மஞ்சள், கறுப்பு என்று மூன்றே பட்டைகள். பாலர் வகுப்புப் பிள்ளை தானே வரைந்துவிடலாம். ஈப்போ புந்தோங்கின் கம்போங் கச்சாங் பூத்தேயில் தமிழ்க் குடும்பங்கள் வறுத்து விற்கும் கச்சாங் பூத்தேயின் பெயரில் மலாயில் வெள்ளை இருக்கிறது. பொட்டலத்தைப் பிரித்தால் மஞ்சளும் பழுப்பும் பச்சையும் இருக்கின்றன. ஈப்போ வெள்ளைக் காப்பி வெள்ளையாக இல்லை. "ஏன் இதை வெள்ளை என்கிறார்கள்?" என்று கேட்டுச் சிரிக்கவே ஒரு பக்கம் ஒதுக்கலாம். தைப்பூசத்தன்று கல்லுமலைக்குப் போகும் கூட்டத்தில் மஞ்சள். பழைய ரப்பர் காட்டில் மங்கில் சொட்டும் பால் வெள்ளை. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் பழுப்பு. ஆண்டுத் தொடக்கத்தின் வறண்ட மாதங்களில் அதே மரத்தின் இலைகள் மஞ்சளாகி, சிவந்து, உதிரும்.

இந்த ஒரு மரத்தை வைத்தே நான்கு நிறம் சொல்லலாம். நிறத்தைக் கற்பிக்க இது நல்ல வழியும்கூட. ஒரே நிறத்தைப் பல பொருளிலும், ஒரே பொருளைப் பல நிறத்திலும் பார்க்கும்போதுதான் நிறம் வேறு, பொருள் வேறு என்று பிள்ளைக்குப் பிடிபடும்.

உலகப் புகழ் பெற்ற புத்தகங்களும் இதையே செய்கின்றன. 1967இல் பில் மார்ட்டின் எழுதி எரிக் கார்ல் படம் வரைந்த 'பிரவுன் பேர்' புத்தகத்தில் நீலக் குதிரையும் ஊதாப் பூனையும் வரும். அப்படி ஒரு பூனை இல்லாததால், பிள்ளை நிறத்தைப் பார்த்தே ஆகவேண்டும். ஊகித்துச் சொல்ல முடியாது. 1959இல் லியோ லியோனி வெளியிட்ட 'லிட்டில் புளூ அண்ட் லிட்டில் யெல்லோ' கதை, இரயில் பயணத்தில் பேரப்பிள்ளைகளை அமைதியாக வைத்திருக்க அவர் கிழித்த காகிதத் துண்டுகளிலிருந்து பிறந்தது. பெரிய ஓவியம் எதுவும் இல்லை. நீலத் துண்டும் மஞ்சள் துண்டும் கட்டிப் பிடித்தால் பச்சை. கிழித்த காகிதத்தால் ஒரு புத்தகம் முடியும் என்றால், நாம் ஏன் அச்சுக்கூடத்துக்காகக் காத்திருக்க வேண்டும்?

நாங்கள் செய்து பார்த்தது இதுதான். கைப்பேசியில் அந்தத் தோட்டத்தின் பொருள்களைப் படமெடுத்தோம். பன்னிரண்டு பக்கம், ஒரு பக்கத்துக்கு ஒரே நிறத்தில் மூன்று பொருள். கீழே பெரிய எழுத்தில் "செம்பருத்தி சிவப்பு. செங்கல் சிவப்பு. மிளகாய் சிவப்பு" என்ற வரிசை. நகல் கடையில் வண்ணத்தில் அச்சிட்டு, நெகிழித்தாள் ஒட்டி, நூலால் தைத்தோம். உங்கள் ஊரில் செய்ய நினைத்தால் சில குறிப்புகள்: ஒரு நாளில் இரண்டு நிறத்துக்கு மேல் வேண்டாம். "இது சிவப்பா?" என்று பச்சை இலையையும் காட்டிக் கேளுங்கள், எது சிவப்பு இல்லை என்பதும் பாடம்தான். புத்தகத்தை மூடியதும் அதே நிறத்தை வீட்டில் தேடச் சொல்லுங்கள். வாசிப்பவர் பாட்டியாகவோ தாத்தாவாகவோ இருந்தால் இன்னும் நல்லது. படத்தைப் பார்த்துச் சொல்ல அவர்களுக்கு எழுத்துக்கூடத் தேவையில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஆண் பிள்ளைகளில் சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவது பிறவியிலேயே கடினம். ஆசிய ஆண்களில் நூற்றுக்கு நான்கைந்து பேர் என்ற அளவில் இது காணப்படுகிறது. பெண்களில் மிகக் குறைவு. மற்ற எல்லாம் தெரிந்த பையன் இந்த இரண்டில் மட்டும் தொடர்ந்து தடுமாறினால், அவனைத் திட்டாமல் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லப் பெற்றோரிடம் சொல்லுங்கள்.

புத்தகத்தைக் கொண்டுபோன சனிக்கிழமை அந்தப் பையன் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். சிவப்புப் பக்கத்தில் செம்பனைக் குலை ஒன்றின் படத்தையும் வைத்திருந்தோம். "செம்பனை சிவப்பு" என்று வாசித்தேன்.

"இல்லக்கா" என்றான்.

"ஏன்?"

"இது காய். காய் கறுப்பு. பழுத்தாதான் சிவப்பு."

படத்தை மறுபடி பார்த்தேன். அவசரத்தில் பழுக்காத குலையைத்தான் எடுத்திருந்தோம். அவன் அப்பா குலை வெட்டும் வேலைக்குப் போகிறவர். பின்னால் இருந்த பாட்டி இந்த முறை சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொல்றான்" என்று தலையாட்டினார்.

அந்தப் படத்தைக் கறுப்புப் பக்கத்துக்கு மாற்றி ஒட்டினோம். நீலத்துக்கு அவன் இன்னும் "ப்ளூ" என்றுதான் சொல்கிறான். அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அடுத்த வாரம் வாசிப்போம்.